கண்ணாடிக் குழலுக்கு மாற்று: பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளின் திரைப் பகுதிகள்

(இயற்பியல் துறைக் கட்டுரை)

திருவாலங்காடு என்றதும் இரத்தின சபையும், காரைக்கால் அம்மையாரும், 1905-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட இராசேந்திர சோழனின் செப்பேடுகளும் நம் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி எழுதத் தமிழ்த் துறையினரும் வரலாற்றுத் துறையினரும் இருக்கின்றனர். இக்கட்டுரை அவ்வூரின் வீட்டுப் பரண்களில் கிடக்கும் வேறொரு பொருளைப் பற்றியது. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அப்பெட்டிகள் அனைத்தும் கண்ணாடிக் குழல் வைத்தவை. இன்று சுவரில் தட்டைத் திரை வந்துவிட்டது. பழைய பெட்டி பரணுக்கோ, பழைய இரும்பு வியாபாரியின் தராசுக்கோ போய்விட்டது.

அக்குழலைத்தான் உலகின் பல மூலைகளிலும் சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட, காசு போட்டு விளையாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைப் பழுது நீக்கிப் பாதுகாப்பவர்கள் அவர்கள். நம் நாட்டிலும் சென்னை போன்ற நகரங்களில் 'வீடியோ கேம்' கடைகள் இருந்ததைப் பேராசிரியர்கள் சிலர் நினைவுகூரக்கூடும். அப்பெட்டிகளின் மரச்சட்டத்தைத் தச்சர் செய்துவிடலாம். மின்சுற்றுப் பலகையைப் பொறுமை உள்ளவர் சரிசெய்துவிடலாம். திரைதான் இடறுகிறது. ஏனெனில் படக்குழல்களைப் பெருமளவில் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. நம் நாட்டில் சாம்டெல், ஜே.சி.டி., வீடியோகான் ஆகியவை வண்ணக் குழல்களையும், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கறுப்பு-வெள்ளைக் குழல்களையும் செய்த காலம் போய்விட்டது. ஆகவே திரைக்கு மாற்று உறுப்பு எப்படிக் கிடைக்கிறது, எதைப் புதிதாகச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதை இயற்பியல் நோக்கில் காண்போம்.

இரண்டும் ஒரே குடும்பம்

விளையாட்டுப் பெட்டியின் திரையும் வீட்டுத் தொலைக்காட்சியும் பிறவியிலேயே உறவினர். 1972-இல் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' என்னும் விளையாட்டுக்கு முதல் மாதிரியைச் செய்த ஆலன் அல்கார்ன், கடையில் வாங்கிய ஹிட்டாச்சி கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சியையே திரையாக வைத்தார். பின்னர் வெல்ஸ்-கார்ட்னர், எலெக்ட்ரோஹோம் போன்ற நிறுவனங்கள் விளையாட்டுப் பெட்டிகளுக்கென்றே திரைகளைச் செய்தபோதும் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படை என்ன? குழலின் கழுத்திலுள்ள 'கன்' எலக்ட்ரான் கற்றையை வெளியிடுகிறது. கழுத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள், அதாவது 'யோக்', அக்கற்றையை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் திருப்புகிறது. முகப்பிலுள்ள ஒளிர்பொருள் கற்றை பட்ட இடத்தில் ஒளிர்கிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் கற்றை நொடிக்கு 15,625 கிடைக்கோடுகளை வரையும். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. அமெரிக்க முறையில் இது 15,734 கோடுகள். விளையாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவையும் இவ்வளவையே ஒட்டி அமைந்தன. இந்தச் சிறு வேற்றுமையைத் திரையிலுள்ள ஒரு திருகைத் திருப்பியே சரிக்கட்டிவிடலாம். அதனால்தான் அரசு வழங்கிய 14 அங்குலப் பெட்டியின் குழல், 1981-ஆம் ஆண்டில் சிகாகோவில் செய்த ஒரு பெட்டிக்கும் பொருந்தக்கூடும் என்று பேசவே இடம் கிடைக்கிறது.

இதில் இன்னொரு நயமும் உண்டு. 'பேக்-மேன்' (1980) விளையாட்டில் புதிர்வழிக் கோடுகள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். பல்லாயிரம் மணி நேரம் அப்படி நின்றதால் ஒளிர்பொருள் அவ்விடத்தில் தேய்ந்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் புதிர்வழி கண்ணாடியில் கறையாகத் தெரியும். இதைத் துடைக்க முடியாது. குழலை மாற்றத்தான் வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியிலோ படம் மாறிக்கொண்டே இருந்ததால் முகப்பு சீராகவே தேய்ந்திருக்கும். நெடுந்தொடர் பார்த்த குழல் விளையாட்டுப் பார்த்த குழலைவிட நல்ல நிலையில் இருப்பது வேடிக்கையே.

பொருத்தம் பார்த்தல்

பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துத் திருமணம் செய்ய முடியாதது போலவே, அங்குலக் கணக்கை மட்டும் பார்த்துக் குழலை மாற்ற முடியாது. முதலில் அங்குலக் கணக்கே ஏமாற்றும். அமெரிக்கர்கள் கண்ணுக்குத் தெரியும் பரப்பின் மூலைவிட்டத்தை அளந்தனர். நம் கடைகளில் கண்ணாடி முழுவதையும் அளந்து சொன்னார்கள். ஆகவே நம் 14 அங்குலம் அவர்களுடைய 13 அங்குலம். நம் 20 அங்குலம் அவர்களுடைய 19. பெரிய விளையாட்டுப் பெட்டிகளில் 19 அங்குலக் குழலே மிகுதி. எனவே அரசு வழங்கிய பெட்டியின் குழல் எல்லாவற்றுக்கும் உதவாது. 13 அங்குலத் திரை வைத்த சிறு பெட்டிகளுக்கே உதவும்.

குழலின் கழுத்துப் பக்கம் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'ஏ34' என்று தொடங்கினால் தெரியும் பரப்பின் மூலைவிட்டம் 34 சென்டிமீட்டர். பின்னால் வரும் எழுத்துகளில் எக்ஸ் இருந்தால் வண்ணக் குழல், டபிள்யூ இருந்தால் கறுப்பு-வெள்ளை. அமெரிக்கச் சீட்டில் '19வி' என்று தொடங்கி 'பி22' என்று முடியும். பி22 என்பது வண்ண ஒளிர்பொருளின் வகை.

அடுத்து, கற்றை திரும்பும் கோணம். 90 பாகைக் குழலின் இடத்தில் 110 பாகைக் குழலை வைத்தால் பழைய மின்சுற்றால் கற்றையை ஓரம் வரை கொண்டு செல்ல முடியாது. கழுத்தின் தடிமனும் இருவகை: ஏறத்தாழ 29 மில்லிமீட்டர், 22.5 மில்லிமீட்டர். தடித்த கழுத்துக்குச் செய்த யோக்கை மெலிந்த கழுத்தில் மாட்டினால் அது கைவளையல் போல் ஆடும். கன்னின் இழைக்கு வேண்டிய 6.3 வோல்ட் மட்டும் பெரும்பாலும் எல்லாக் குழல்களுக்கும் பொது.

எல்லாவற்றிலும் முக்கியமானது யோக். இங்கே வகுப்பில் படித்த ஒரு சமன்பாடு நேரடியாக வேலைக்கு வருகிறது. மின்தூண்டம் கொண்ட சுருளுக்கு நிலையான மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் நேர்கோடாக ஏறும். ஏறும் வேகம் மின்னழுத்தத்தை மின்தூண்டத்தால் வகுத்த ஈவு. கிடைக்கோடு வரைவது இந்த ஏற்றம்தான். புதுக் குழலுடன் வந்த யோக்கின் கிடைச் சுருளில் மின்தூண்டம் குறைவாக இருந்தால், அதே 64 மைக்ரோ நொடியில் மின்னோட்டம் கூடுதலாக ஏறும், படம் அகலும், அதை இயக்கும் டிரான்சிஸ்டர் சூடேறி எரியும். மின்தூண்டம் கூடுதலாக இருந்தால் படம் ஒடுங்கி இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். செங்குத்துச் சுருள் நொடிக்கு 50 அல்லது 60 முறை மட்டுமே வேலை செய்வதால் அங்கே மின்தூண்டத்தைவிட மின்தடையே ஆட்சி செய்கிறது. சிறு வேறுபாட்டை 'ஹைட்' திருகு தாங்கிக்கொள்ளும். ஆகவே மாற்றுக் குழல் தேடுபவர் கிடைச் சுருளின் மின்தூண்டத்தை மீட்டரில் அளக்காமல் மின்சாரம் கொடுப்பது தற்கொலைக்கு ஒப்பாகும், டிரான்சிஸ்டரின் தற்கொலைக்கு.

யோக் பொருந்தாவிட்டால், கழுத்துத் தடிமன் ஒன்றாக இருக்கும் பட்சத்தில், பழைய யோக்கையே கழற்றிப் புதுக் குழலில் மாட்டலாம். கறுப்பு-வெள்ளையில் இது பத்து நிமிட வேலை. வண்ணக் குழலில் மூன்று கற்றைகள் முகமூடித் தகட்டின் நுண்துளைகள் வழியே தத்தம் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளில் மட்டும் விழ வேண்டும். கழுத்திலுள்ள வளையக் காந்தங்களைத் திருகி, முதலில் நிறத்தூய்மையையும் பிறகு மூன்று கற்றைகளின் கூடுகையையும் சரிசெய்ய வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.

இவ்விடத்தில் நம் ஊருக்கென்றே ஒரு செய்தி உண்டு. புவிக் காந்தப்புலமும் கற்றையைச் சற்றுத் திருப்புகிறது. சிகாகோ வட்டாரத்தில் காந்த ஊசி 60 பாகைக்கு மேல் கீழ்நோக்கிச் சாயும். காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் நம் வட்டாரத்தில் அச்சாய்வு 20 பாகையைக்கூட எட்டாது. எனவே அங்கே சரிசெய்த வண்ணத் திரையை இங்கே கொண்டுவந்தால் மூலைகளில் நிறம் திரிந்து காணலாம். குழல் கெட்டுவிட்டது என்று தள்ளிவிடாமல் காந்தநீக்கச் சுருளைச் சுற்றிக் காட்டிவிட்டு, வளையங்களை மறுபடி திருகிப் பார்க்க வேண்டும்.

கோட்டுப்படத் திரைகள்: காயில் கட்டுபவரின் வேலை

எல்லா விளையாட்டுகளும் தொலைக்காட்சியைப் போல வரிவரியாகப் படம் வரையவில்லை. 'ஆஸ்டிராய்ட்ஸ்' (1979), 'டெம்பஸ்ட்' (1981), 'ஸ்டார் வார்ஸ்' (1983) ஆகியவற்றில் கற்றை, பேனா முனை போல் நேராக ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குக் கோடு இழுத்தது. அதனால் அக்கோடுகளில் உள்ள கூர்மையும் ஒளியும் வேறெதிலும் வராது. மாற்று உறுப்புச் செய்வதில் மிகக் கடினமானவையும், என் மதிப்பீட்டில் மிகச் சுவையானவையும் இவையே.

காரணம் இதுதான். வரித்திரையின் யோக்கில் கிடைச் சுருள் மட்டுமே விரைவானது. செங்குத்துச் சுருள் மெதுவானது, மின்தூண்டம் மிகுந்தது. கோட்டுப்படத் திரையிலோ கற்றை எத்திசையிலும் ஒரே விரைவில் பாய வேண்டும். இரு சுருள்களும் விரைவாக இருக்க வேண்டும். எனவே குழல் தொலைக்காட்சியுடையதாக இருக்கலாம். யோக் இருக்க முடியாது.

இதற்குக் கண்ட வழி மறுசுற்று. தொலைக்காட்சி யோக்குகள் பலவற்றில் செங்குத்துச் சுருள் ஃபெரைட் வளையத்தின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும். வளையத்தைக் கழற்றிப் பழைய மெல்லிய கம்பியை அவிழ்த்துவிட்டுத் தடித்த கம்பியைக் குறைந்த சுற்றுகளாகச் சுற்றுகிறார்கள். மின்தூண்டம் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுற்றுகளை நான்கில் ஒன்றாக்கினால் மின்தூண்டம் பதினாறில் ஒன்றாகும். ஆனால் அதே அளவு கற்றையைத் திருப்ப மின்னோட்டம் நான்கு மடங்கு வேண்டும். கம்பி தடிப்பது அதற்காகத்தான். இரு பாதிகளிலும் சுற்றுகள் ஒரே எண்ணிக்கையில், ஒரே பரவலில் இருக்க வேண்டும். இல்லையேல் சதுரம் சரிவகமாகும். வெளிநாட்டில் இதைச் சிலர் அரிய கலையாக எண்ணிச் செய்கின்றனர். நம் ஊர்ப்பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத கடைத்தெரு எது? சுற்றுக் கணக்கும் கம்பி அளவும் எழுதிக் கொடுத்தால் போதும். அவருடைய விரலுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை.

ஈ.எச்.டி. என்று மெக்கானிக்குகள் அழைக்கும் உயரழுத்த மின்மாற்றி வேறு கதை. கற்றை ஒரு கோட்டை முடித்துத் திரும்பும் பன்னிரண்டு மைக்ரோ நொடிக்குள் எழும் துடிப்பை உயர்த்தி, வண்ணக் குழலுக்கு வேண்டிய இருபதாயிரம் வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தை அது தருகிறது. சுற்றுகளுக்கு இடையே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அங்கே பொறி பாய்ந்து எரிந்துவிடும். ஆகவே வெற்றிடத்தில் வைத்தே பிசின் ஊற்ற வேண்டும். இதை வீட்டில் செய்ய முயல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். ஸ்பெயினின் எச்.ஆர். டீமென் போன்ற நிறுவனங்கள் செய்த மாற்றுகளைத் தேடுவதே முறை.

குழலையே புதுப்பிக்க முடியாதா?

முடிந்தது. பழைய குழலின் கழுத்தை அறுத்து, புதுக் கன்னை வைத்து, கண்ணாடியை உருக்கி ஒட்டி, சூளையில் வைத்துக் காற்றை உறிஞ்சி, மிச்சமிருக்கும் வாயுவைப் பேரியம் பூச்சால் விழுங்கச் செய்து மூடினால் குழல் மறுபிறவி எடுக்கும். இதற்கென்றே பட்டறைகள் இருந்தன. அமெரிக்காவில் கடைசியாக நின்ற ஹாக்-ஐ நிறுவனம் 2010-லும், பிரான்சின் ராக்ஸ் நிறுவனம் 2013-லும் மூடப்பட்டன. ஹாக்-ஐயின் கருவிகளை ஒகையோ மாநிலத்திலுள்ள தொலைக்காட்சி அருங்காட்சியகம் ஒன்று வாங்கி வைத்தது. கன்னின் எமிஷன் குறைந்த குழலுக்கு இழை மின்னழுத்தத்தைக் கொஞ்ச நேரம் கூட்டி 'பூஸ்ட்' கொடுப்பது நம் மெக்கானிக்குகளும் அறிந்த வித்தை. ஆனால் அது நோயாளிக்கு ஏற்றும் குளுக்கோசைப் போன்றது.

கண்ணாடியும் வண்ணத்தாளும்

திரை என்பது குழல் மட்டுமன்று. அதன் முன்னுள்ள கண்ணாடி, சுற்றியுள்ள அட்டைச் சட்டம், மேலே விளக்கொளியில் மின்னும் பெயர்ப்பலகை ஆகியவையும் திரைப் பகுதிகளே. இவற்றை நாமே செய்யலாம்.

ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978) கறுப்பு-வெள்ளை விளையாட்டு. ஆனால் ஆடியவர்கள் வண்ணம் கண்டனர். திரைமேல் பறக்கும் தட்டு செல்லும் இடத்தில் ஆரஞ்சுச் சிவப்பும், கீழே அரண்கள் இருக்கும் இடத்தில் பச்சையுமாக ஒளிபுகும் தாளை ஒட்டியிருந்தார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கிய பிறகு கறுப்பு-வெள்ளைப் பெட்டியின் முன் மேலே நீலமும் கீழே பச்சையுமான பிளாஸ்டிக் தகட்டை மாட்டி வண்ணப்படம் பார்த்தோமே, அதே தந்திரம்தான். அத்தாள் காலப்போக்கில் வெளுத்துச் சுருங்கும். நாடக மேடை விளக்குகளுக்குப் போடும் வண்ணத்தாளை அளந்து வெட்டினால் மாற்று ஆயிற்று.

நின்று ஆடும் பெட்டியில் இன்னொரு நுட்பமும் இருந்தது. குழல் கீழே மல்லாந்து கிடக்கும். அதன் படத்தைச் சாய்ந்த அரைக்கண்ணாடி ஆடுபவருக்குக் காட்டும். அக்கண்ணாடியின் ஊடே பின்னால் வரைந்த நிலவுக் காட்சியும் தெரியும். ஆகவே குழலில் படம் இடவலம் மாறியிருக்க வேண்டும். மாற்றுக் குழல் வைத்ததும் எழுத்துகள் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். யோக்கின் கிடைச் சுருளுக்குச் செல்லும் இரு கம்பிகளை இடம் மாற்றினால் படம் திரும்பிவிடும்.

பெயர்ப்பலகை ஒளிபுகும் கண்ணாடியின் பின்புறம் அச்சிடப்படுவது. முன்னிருந்து பார்ப்பதால், முதலில் கறுப்புக் கோடுகளையும், அடுத்து வண்ணங்களையும், கடைசியாக வெண்மையையும் அச்சிட வேண்டும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் கண்ணையும் நகையையும் முதலில் தீட்டிவிட்டு உடலையும் பின்னணியையும் பிறகு பூசுவார்களே, அதே வரிசை. கடைசி வெண்மை மெலிந்தால் உள்ளிருக்கும் குழல்விளக்கு கோடாகத் தெரியும். தடித்தால் பலகை இருண்டுவிடும். துணித்திரை அச்சுத் தெரிந்த எவரும் இரண்டு, மூன்று சோதனைத் தகடுகளில் இதைப் பிடித்துக்கொள்வார்.

தட்டைத் திரை போதாதா?

பலர் கேட்கும் கேள்வி. எல்.சி.டி. திரையை வைத்து, இடையே ஒரு மாற்றுப் பலகையைச் செருகினால் படம் வரும். கடையில் காசு பார்க்க வேண்டியவருக்கு அதுவே போதும். ஆனால் பழைய 19 அங்குல எல்.சி.டி.களில் பெரும்பாலானவை ஐந்துக்கு நான்கு என்னும் அளவின. குழலோ நான்குக்கு மூன்று. வட்டம் சற்று நெட்டையாகும். மாற்றுப் பலகை படத்தை ஒரு சட்டம் நிறுத்திவைத்து அனுப்பினாலே 16 மில்லி நொடி தாமதம். துப்பாக்கி விளையாட்டுகள் அறவே நின்றுபோகும். 'டக் ஹன்ட்' (1984) விளையாட்டில் விசையை இழுத்ததும் திரை கறுத்து, வாத்து இருக்குமிடத்தில் வெண்சதுரம் தோன்றும். அவ்வொளியைக் குறித்த நேரத்தில் துப்பாக்கி காண வேண்டும். தாமதமாக ஒளிரும் தட்டைத் திரையில் வாத்து சாகாது. கோட்டுப்படத் திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதை எல்.சி.டி.யில் காட்டுவது, வீணைக் கச்சேரியை எழுத்தில் படித்துக் காட்டுவது போன்றது.

எனவே மிஞ்சியிருக்கும் குழல்களுக்கு மதிப்பு இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் நடப்பதோ வேறு. யோக்கில் உள்ள செம்புக்காகக் கழுத்தை உடைத்து உருவிக்கொண்டு கண்ணாடியைக் குப்பைமேட்டில் எறிந்துவிடுகின்றனர். வண்ணக் குழலின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் மிகுதி. மின்கழிவு பற்றிய 2022-ஆம் ஆண்டு விதிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இதைச் சேர்க்கச் சொல்கின்றன. தராசுக்காரரின் கணக்கில் செம்புக்கு விலை உண்டு. வேலை செய்யும் குழலுக்கு விலை இல்லை.

ஆதலால், பரணிலுள்ள பெட்டியைக் கொடுத்துவிட எண்ணும் மாணவ நண்பர்கள் முதலில் அதை ஓட்டிப் பார்க்கலாம்; படம் பளிச்சென்று வந்தால் குழல் நல்லது. பின் மூடியைத் திறக்க மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக் உடன் இருக்கட்டும். மின்சாரத்தைத் துண்டித்து நெடுநேரம் ஆனாலும் குழல் ஒரு மின்தேக்கியாக மின்னேற்றத்தை வைத்திருக்கும். குழலின் வெளிப்புறக் கரிப்பூச்சின் மேல் ஓடும் பின்னற்கம்பியில் ஒரு கம்பியைப் பிணைத்து, அதன் மறுமுனையை நல்ல காப்புப் பிடியுள்ள திருப்புளியில் கட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு, ரப்பர் மூடியின் அடியில் தொட்டு இறக்க வேண்டும். சில நிமிடம் கழித்து மறுபடியும் ஒருமுறை. கழுத்தில் கை படாமல், சீட்டிலுள்ள எண், கழுத்தின் தடிமன், யோக்கின் இரு சுருள்களின் தடை, கிடைச் சுருளின் மின்தூண்டம் ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டி, பின் மூடியைத் திருகிவிடலாம்.